சர்க்கார் கழுவிக் கொடுத்த டின்

பக்கத்து வீட்டுக் கோமதி வேளாண்மைத் துறையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், கையில் பையோடு நேராக என் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அம்மா, அந்தப் பூச்சி மருந்த தடை பண்ணிட்டாங்க. இனிமே யாரும் விக்கக் கூடாதாம். ஒங்க காலத்துல அதை வெளிநாட்டுக்காரன் சும்மாவே குடுத்தானாமே?"

"ஆமா. சும்மாத்தான் குடுத்தான்."

"நல்ல காலந்தான் போங்க. இப்ப ஒவ்வொண்ணுக்கும் விவசாயி அலையா அலையுதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பேச உட்கார்ந்தால் நடுவில் நின்றுபோகும் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கிராம சேவிகாவாக நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். அப்பா செங்கோட்டையில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். புகையில்லா அடுப்பு கட்டுவது, குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்பது, கீரைப் பாத்தி போடுவது, சைக்கிள் ஓட்டுவது எல்லாம் அங்கே படித்ததுதான். கடைசி வாரத்தில் ஒரு நர்ஸ் வந்து முதலுதவி வகுப்பு எடுத்தார். பாம்புக்கடி, தீக்காயம், பூச்சி மருந்து. மற்றவர்கள் தூங்கிவழிந்தார்கள். எனக்கு அந்த அம்மாவின் குரல் பிடித்திருந்ததால் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் கல்வி.

வேலை கிடைத்தது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சுற்றுவட்டாரத்தில். அந்நிய நாட்டு உதவி எங்கள் பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி வந்து இறங்கிய காலம் அது. உர மூட்டை வந்தது, பால் பவுடர் வந்தது, முதுகில் மாட்டி அடிக்கிற தெளிப்பு பம்ப் வந்தது, ஒரு ஜீப் வந்தது. பிறகு மருந்து வந்தது. நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்தால் கதிர் வெள்ளையாகிப் பதராகப் போகும். அந்த மருந்தை அடித்தால் இரண்டு நாளில் பூச்சி செத்துக் கிடக்கும். எங்கள் ஆட்கள் அதைப் 'பூச்சி மருந்து' என்றுகூடச் சொல்வதில்லை. வெறும் 'மருந்து'தான். நாங்களும் அப்படியே சொன்னோம்.

வந்ததைச் செலவழிப்பதுதான் எங்கள் வேலையில் பெரிய பாடு. அந்தப் போகத்துக்கு வந்த மருந்து அந்தப் போகத்திலேயே வயலுக்குப் போயாக வேண்டும். மிஞ்சினால், இந்த வட்டாரத்துக்கு இவ்வளவு தேவையில்லை என்று அடுத்த தடவை குறைத்துவிடுவார்கள். மருந்து குறைந்தால் அதோடு சேர்ந்து வருகிற எல்லாமே குறையும். இதை எங்களுக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார் எங்கள் வட்டார வளர்ச்சி அதிகாரி சிவசைலம்.

அவரைப் பற்றி நான் சுலபமாக ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. ஆனால் வயலுக்குப் போனால் செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவார். பயிரைப் பிடுங்கி வேரை மோந்து பார்ப்பார். யாரையும் அவர் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சாணி அள்ளுகிறவரையும் "சொல்லுங்க" என்பார். யாராவது "பாக்கலாம் சார்" என்று இழுத்தால் மட்டும் முகம் மாறும். "பாக்கலாம்னு ஒரு பயிர் கிடையாதுங்க. வெதைங்க, இல்ல விடுங்க" என்பார். குரல் உயராது. ஒத்துக்கொள்ளாத பேச்சைக் கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். பேசுகிறவர் தானாக ஓய்ந்துவிடுவார்.

நான் வந்த புதிதில், பொம்பளை சைக்கிள் ஓட்டுகிறாள் என்று இலஞ்சிப் பக்கம் சில இளவட்டங்கள் சக்கரத்தில் கம்பை விட்டு என்னைக் கீழே தள்ளினார்கள். மறுநாள் சிவசைலம் சார் ஜீப்பை எடுக்காமல் ஒரு வாடகை சைக்கிளில் வந்தார். என் கூடவே அந்தத் தெரு வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு யாரும் கம்பை நீட்டவில்லை.

அவர் பிறந்தது வீரகேரளம்புதூருக்குக் கிழக்கே ஒரு வறண்ட ஊர். மேற்கே குற்றாலத்தில் மழை கொட்டி ஆறு புரண்டு ஓடும்போது, அங்கே குளத்தில் வெடிப்பு விட்டிருக்கும். அந்தக் குளங்களுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோகிற ஒரு வாய்க்காலுக்கு வெளிநாட்டு உதவி கேட்டு அவர் அலைந்துகொண்டிருந்தார். ஒரு ஆடி மாதம், அதைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு வெளிநாட்டுக் குழு வருவதாக ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னால், கொடுத்ததையெல்லாம் இந்த வட்டாரம் ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆனால் எங்கள் அலுவலகக் கொட்டகையில் மருந்து டின் பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

காரணம், தெளிக்க ஆள் வரவில்லை. தெளிக்கிற முறையைச் சார்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். வாளித் தண்ணீரில் மருந்தை ஊற்றி நீளக் கம்பால் கலக்க வேண்டும், கை படக் கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்ட வேண்டும். காற்று அடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி நடக்க வேண்டும். நடுவில் வெற்றிலை போடக் கூடாது, பீடி பற்ற வைக்கக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். காலி டின்னைக் கடப்பாரையால் குத்தி ஓட்டை போட்டு, கிணற்றுக்கு எட்டத்தில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். சரியாகச் செய்தால்கூட தெளித்தவனுக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். கூலியோ களையெடுப்புக் கூலிதான். இரண்டு நாள் வந்தவன் மூன்றாவது நாள் வரமாட்டான்.

அப்போதுதான் சார் ஒரு முடிவு எடுத்தார். டின்னைப் புதைப்பதற்குப் பதில், சோடாக் காரம் போட்டு வெந்நீரில் கழுவி, தெளிக்க வருகிறவனுக்கே இனாமாகக் கொடுப்பது.

அந்த டின்னை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பளபளவென்று வெள்ளித் தகடு போல இருக்கும். திருகு மூடி. எறும்பு நுழையாது. மண்சட்டியும் சுரைக்குடுக்கையும் வைத்துப் பிழைக்கிற வீட்டில் அது ஒரு சொத்து. மறுநாளே ஆள் வரிசையில் நின்றார்கள்.

நான் சாரிடம் சொன்னேன். "சார், பொம்பளைங்க அதுல எண்ணெய் ஊத்தி வைப்பாங்க, அரிசி போடுவாங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "கழுவித்தானம்மா குடுக்கோம். நீங்க வீடு வீடாப் போயி, மண்ணெண்ணெய் ஊத்திக்கிடுங்க, வெத போட்டு வைங்க, சாப்பாட்டுச் சாமான் மட்டும் போடாதீங்கன்னு சொல்லுங்க. ஒங்க வேலைதான அது?"

போனேன். நெடுங்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள், இலஞ்சிக்கு அப்பால் தோப்பும் வயலுமாக இருந்த அந்த ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். சில பேர் தலையாட்டினார்கள். சில பேர் டின்னை உள்ளே தள்ளி மறைத்தார்கள். கடைசித் தெருவில் மாடசாமி வீடு. எங்கள் தெளிப்பு ஆட்களில் அவன்தான் கெட்டிக்காரன். பம்ப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் தேர் வருகிற மாதிரி வருவான். ஊரே அவனைப் 'பம்ப் மாடசாமி' என்று கூப்பிட்டது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. அவன் பெண்டாட்டி பேச்சியம்மா, மகள் வேலம்மாள், கூடவே இருந்த தம்பி சுடலை என்று நாலு பேர் அந்த வீட்டில்.

"பேச்சி, அந்த டின்ல திங்கிற சாமான் எதையும் வைக்காத" என்றேன்.

"என்ன சேவிகாம்மா, சர்க்காரே வெந்நி போட்டுக் கழுவிக் குடுத்திருக்கு. நீங்க வேண்டாங்கிதிய" என்று சிரித்தாள். "நானும் பொறவு சாம்பலும் புளியும் போட்டு வெளக்கிட்டேன். இங்கன பாருங்க, மொகம் தெரியுது."

மாடசாமி உள்ளேயிருந்து, "விடுட்டி, அவிய சொன்னா கேக்கணும்" என்றான். அவள் சரி என்று தலையாட்டினாள். என்னால் அதற்குமேல் செய்ய முடிந்தது எதுவும் இருந்ததாக இப்போதும் தோன்றவில்லை.

ஆடியில் குழு வந்தது. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் பக்கத்தில் பயணியர் பங்களாவில் அவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். ஜீப்பும் டிரைவரும் அங்கேயே நின்றார்கள். அவர்கள் வயல்களைப் பார்த்துவிட்டு மறுநாள் கிழக்கே வாய்க்கால் இடத்துக்குப் போவதாக இருந்தது. நான் அன்று காலை, அவர்கள் வரும்போது பெண்களை நல்ல சேலை கட்டி நிற்கச் சொல்வதற்காக நெடுங்கரைக்குப் போனேன்.

ஊருக்குள் நுழையும்போதே ஒப்பாரிச் சத்தம் கேட்டது. மாடசாமி வீட்டு முன்னால் கூட்டம். யாரும் கிட்டே போகவில்லை. "வாந்திபேதி வந்துட்டு, போகாதிய சேவிகாம்மா" என்று ஒருத்தர் என் சைக்கிளைப் பிடித்தார். சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

வேலம்மாள் பாயில் கிடந்தாள். எட்டு வயதுதான். மேலே ஒரு சேலையைப் போர்த்தியிருந்தார்கள், முகத்தோடு. மாடசாமி சுவரில் சாய்ந்து, வாயில் எச்சில் நூல் நூலாக வடிய, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். அந்தக் குளிர்ந்த காலையில் அவன் உடம்பில் வியர்வை குளித்ததுபோல ஓடியது. பேச்சியும் சுடலையும் தரையில் சுருண்டு கிடந்தார்கள். பேச்சியின் கண்ணிமையும் கன்னத்துச் சதையும் தானாகத் துடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் பேதி நாற்றம். அதற்குள்ளே இன்னொரு வாடை, பூண்டு உரித்ததுபோல. வயலில் மருந்து கலக்கும்போது வருகிற வாடை.

நான் பேச்சியின் இமையைத் தூக்கிப் பார்த்தேன். வீட்டுக்குள் வெளிச்சமே இல்லை. இருட்டில் கண்மணி விரிந்திருக்க வேண்டும். அது குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பூச்சி மருந்து உள்ளே போனால் கண்மணி சுருங்கும்: முதலுதவி வகுப்பில் அந்த நர்ஸ் சொன்னதில் எனக்கு மறக்காமல் நின்ற வாக்கியம் அது ஒன்றுதான்.

"என்ன சாப்பிட்டிய?" என்று பேச்சியின் காதில் கத்தினேன்.

"தோச" என்றாள். ஆடிச் சிறப்புக்காகத் தோசை. தோசைக்கு மிளகாய்ப்பொடி. பொடிக்கு நல்லெண்ணெய். எண்ணெய் ஊற்றி வைத்திருந்த அந்த மருந்து டின், அடுப்புக்குப் பக்கத்தில் மூடி திறந்தபடி இருந்தது. பிள்ளைதான் எண்ணெயை நிறைய ஊற்றித் தின்றாள் என்று வெளியே நின்ற ஒருத்தி சொன்னாள்.

டின்னை மூடி எடுத்துக்கொண்டேன். "இது வாந்திபேதி இல்ல, மருந்து! எவன் வீட்டுலயும் அந்த டின்ல உள்ளதத் தொடாதிய!" என்று தெருவில் நின்று கத்தினேன். யாராவது வண்டி கட்டுங்கள், மூன்று பேரையும் ஏற்றி ரோட்டுப் பக்கமாக வாருங்கள், நான் ஜீப்போடு எதிரே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்கு மிதித்தேன். நெடுங்கரையிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். குற்றாலம் கிட்டே. ஜீப் அங்கேதான் இருந்தது.

பங்களா முகப்பில் குழுவினர் அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றார்கள். நல்ல மனிதர்கள்தான். அவர்களில் வயதானவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சிவசைலம் சார் என் முகத்தைப் பார்த்ததும் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். டின்னைப் பார்த்தார். அதைத் தன் துண்டால் மூடினார்.

"நீங்க டாக்டரா அம்மா?"

"இல்ல சார். ஆனா கண்ணப் பாத்தேன். வாடையும் வருது."

"ஆடி மாசம் எல்லா ஊர்லயும் வாந்திபேதி வரத்தான் செய்யும். சுகாதார இன்ஸ்பெக்டர ஊசியோட இப்பவே அனுப்புதேன்."

"சார், பேதி ஊசிக்கு இது கேக்காது. ஜீப்பக் குடுங்க. பிள்ள செத்துப்போச்சு. மீதி மூணு பேராவது..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டார். "நாளைக்கு இவங்க வாய்க்கால் பாக்கப் போறாங்க. நாம குடுத்த டின்னு ஆளக் கொன்னுட்டுன்னு இன்னைக்கு ஒரு பேச்சு வந்தா, அந்த வாய்க்கால் என் ஆயுசுல வராது. அங்க எத்தன ஊருன்னு ஒங்களுக்குத் தெரியும். நான் சொல்லுதத கேளுங்க."

அந்தப் பெரியவர் எங்களை நோக்கி வந்து, என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு கிராமத்தில் வாந்திபேதி, ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன் என்று சார் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் "டின்... பாய்சன்..." என்று ஏதோ சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. பெரியவர் சாரைப் பார்த்தார். "நல்ல ஊழியர். கொஞ்சம் கலங்கிப்போயிருக்கிறார்" என்றார் சார். பெரியவர் என் தோளை லேசாகத் தட்டிவிட்டு, அப்படியானால் இன்று அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். சாரும் அவர் பின்னால் போனார். உள்ளே போகும்முன் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்.

ஜீப்பைத் துடைத்துக்கொண்டு நின்ற டிரைவர் காதர் மைதீன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தென்காசிக்காரர், பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். திட்டத்துப் பணத்தில் சம்பளம் வாங்கிய தற்காலிக ஊழியர். துணியை உதறி சீட்டுக்கு அடியில் போட்டார்.

"ஏறுங்க, சேவிகாம்மா."

"அண்ணாச்சி, சார் குடுக்கல்ல."

"எனக்குக் காதுல விழல்ல. ஏறுங்க."

மேலகரத்துக்கு இந்தப் பக்கம் நெடுங்கரை மாட்டு வண்டி எதிரே வந்தது. மூன்று பேரையும் தூக்கி ஜீப்பில் போட்டோம். மாடசாமியின் தலை என் மடியில் இருந்தது. அவன் மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி கொப்பளித்தது. நான் அவன் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. தென்காசிக் கோபுரம் தெரிகிற இடத்தில் அது நின்றுபோனது. நான் காதர் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவர் இன்னும் வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் வாசலிலேயே, பேதியென்றால் பின்னால் தனிக் கொட்டகைக்குக் கொண்டு போ என்றார்கள். நான் டின்னை நீட்டினேன். புதிதாக வேலைக்கு வந்திருந்த டாக்டர் ஒருவர் அதை வாங்கி, அடியில் பதிந்திருந்த ஆங்கில எழுத்தைப் படித்தார். பிறகு பேச்சியின் கண்ணில் டார்ச் அடித்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. "அட்ரோபின்! இருக்கிறத எல்லாம் எடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

அந்த விஷமுறிவு வைத்தியத்தை நான் கடைசிவரை நின்று பார்த்தேன். ஊசி போடுவார், கண்ணைப் பார்ப்பார், வாயில் விரல் விட்டு எச்சில் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், மறுபடி ஊசி. கண்மணி கொஞ்சம் விரியும், பிறகு சுருங்கும். ஆஸ்பத்திரி இருப்பு தீர்ந்துபோனது. காதர் அண்ணாச்சி ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊரில் இருந்த ஒவ்வொரு டாக்டர் வீட்டுக் கதவையும், ஒவ்வொரு மருந்துக் கடையையும் தட்டி, சட்டைப் பையில் ஊசி மருந்துக் குப்பிகளோடு திரும்பி வந்தார். சாயங்காலம் சுடலை கண் திறந்து தண்ணீர் கேட்டான். பேச்சிக்கு மறுநாள் நினைவு வந்தது.

அன்று மாலை சிவசைலம் சார் ஒரு வாடகைக் காரில் வந்தார். சட்டையெல்லாம் நனைந்து கசங்கியிருந்தது. டாக்டரிடம், வாந்திபேதியாக இருக்கலாம் அல்லவா என்று தணிந்த குரலில் கேட்டார். "நான் கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன் சார்" என்றார் டாக்டர். சார் வராந்தாவில் மாடசாமியைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் போய், கொஞ்ச நேரம் நின்றார்.

குழு மறுநாளே கிளம்பிவிட்டது. கிழக்கே போகவில்லை.

மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பஞ்சாயத்துக் கட்டடத்தில் விசாரணை நடத்தினார். பேச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அதிகாரி அவளிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"டின்ல சாப்பாட்டுச் சாமான் வைக்காதேன்னு இந்த அம்மா ஒன்கிட்ட சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாவ."

"பிறகு ஏன் வச்சே?"

பேச்சி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. யோசிக்கிற மாதிரிப் பார்த்தாள். "பயிருக்கு நல்லதுன்னு அவியதான் சொன்னாவ. கேட்டோம். நல்லா வெளஞ்சுது. கழுவியாச்சு எடுத்துக்கோன்னு சர்க்காரு சொல்லிச்சு. அதையும் கேட்டோம். பிள்ளைக்குப் பால்மாவு கரைச்சுக் குடுன்னு சொன்னாவ. குடுத்தேன். எல்லாம் அதே எடத்துலேருந்துதான் வருது. இதுல எத கேக்கணும், எத கேக்கப்பிடாதுன்னு எனக்கு எப்படி அய்யா தெரியும்?"

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தவரிடம், "சொன்னாங்கன்னு மட்டும் போட்டுக்கோ" என்றார்.

பயன்படுத்தியவர்களின் அஜாக்கிரதை என்று முடிவாயிற்று. மேலதிகாரியை மீறியதற்காக எனக்கு ஒரு கண்டனம். அனுமதியில்லாமல் வண்டியை எடுத்ததற்காகக் காதர் அண்ணாச்சியை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான்தான் கேட்டு எடுக்கச் செய்தேன் என்று சொல்லியும் பலிக்கவில்லை. சிவசைலம் சார் டின் கொடுக்கச் சொன்னது தன் உத்தரவு என்று விசாரணையில் மறைக்காமல் ஒத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது தீர்ப்பில் வரவில்லை. அவரை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள்.

காதர் அண்ணாச்சி புனலூருக்கு மரம் ஏற்றுகிற லாரியில் போய்ச் சேர்ந்தார். ஒருநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேலை போனதற்கு நான் வருத்தம் சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினார்.

"அத விடுங்க. மேலகரத்துல ஒரு மாட்டு மந்தைக்கு வண்டிய நிறுத்துனேன்லா. ஆரன் அடிச்சு உள்ள விட்டிருந்தா, மாடசாமி எந்திச்சிருப்பானோ?"

"இல்ல அண்ணாச்சி, அது முன்னாலயே..." என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை.

வாய்க்கால் வரவில்லை. அந்த உதவி வேறு எங்கோ போய்விட்டது. இந்தச் சாவுதான் காரணமா, வேறு காரணமா, எங்கள் மாதிரி ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லை. சில வருடம் கழித்து மழை பொய்த்தது. குற்றால அருவியே பாறையில் ஈரம் கசிகிற அளவுக்குச் சுருங்கியது. வீரகேரளம்புதூருக்குக் கிழக்கே என்னைக் கஞ்சித் தொட்டிக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். கோதுமை வெளிநாட்டிலிருந்து வந்தது. வறண்ட குளத்துக்குள் ஆட்கள் குறுக்கே நடந்து வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர் சட்டியை நீட்டியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைப் பின்னுக்கு இழுத்தார்.

"வாய்க்கா வரவிடாமப் பண்ணுன சேவிகா நீங்கதான?"

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் நின்றவர்கள் அவரைத் தள்ளினார்கள். அவர் மறுபடி சட்டியை நீட்டினார். ஊற்றினேன். அதற்குப் பிறகு அந்தத் தொட்டி மூடும்வரை ஒவ்வொரு நாளும் அவர் வந்தார்.

சிவசைலம் சாரைக் கடைசியாகத் தென்காசி ரயில் நிலையத்தில் பார்த்தேன். வேலையை விட்டு ஓய்வு பெற்றிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. நலம் விசாரித்தார். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நான் ஜீப்பக் குடுத்திருக்கலாம்மா. ஜீப்பையும் குடுத்து, வாந்திபேதின்னும் சொல்லியிருக்கலாம். ரெண்டையும் செஞ்சிருக்கலாம். அது எனக்கு அப்பத் தோணல்ல" என்றார்.

"வாந்திபேதின்னு சொல்லிருந்தா டாக்டர் பேதிக்குத்தான் வைத்தியம் பாத்திருப்பார் சார். நாலு பேரும் போயிருப்பாங்க."

ரயில் வந்ததும் ஏறிக்கொண்டார். ஜன்னல் ஓரத்தில் இடம் இருந்தும் உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

அந்த வட்டாரத்திலிருந்து எனக்கு மாற்றல் வந்தபோது, சொல்லிக்கொண்டு போக நெடுங்கரைக்குப் போனேன். கார் பருவத்து நெல் முழங்கால் உயரம் நின்றது. வரப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மருந்தை யாரும் சும்மா கொடுப்பதில்லை. கடையில் விற்றது, நாங்கள் சொல்லாமலே வாங்கினார்கள். வாளிக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒருத்தி மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் துணி இல்லை. கம்பு இல்லை. முழங்கைவரை கையை விட்டுக் கலக்கினாள். நிமிர்ந்தபோதுதான் பேச்சி என்று தெரிந்தது.

"பேச்சி, நீயா? ஒனக்குத் தெரியாதா இது என்னன்னு?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும், சேவிகாம்மா" என்றாள். "களையெடுப்பவிட இதுக்குக் கூலி கூட. சுடலைக்கு அன்னையிலேருந்து கை நடுக்கம், ஒரு வேலைக்கும் ஆகமாட்டேங்கான். நான் போவாட்டி யாரு போவா?"

கையை உதறிவிட்டுச் சேலையில் துடைத்தாள். பக்கத்தில் நின்றவன் பம்ப்பின் மூடியைத் திறந்து நீட்டினான். அவள் வாளியைத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள்.